ஸ்டாப்பரோட வீட்டுக்காரன்

மணியாச்சில அப்படி என்னத்தத்தான் வச்சிருக்கானோ தெரியல அண்ணாச்சி... மெட்ராஸ்லேருந்து ராத்திரி பூரா குதிர கணக்கா ஓடியாந்த வண்டி, மணியாச்சியப் பாத்ததும் கால மடக்கிப் படுத்துக்கிடுது! இந்தா, போன்ல பாருங்க. இருவத்தஞ்சு நிமிசமா வண்டியக் காட்டுத அந்தப் புள்ளி நகரவே இல்ல. நான் அஞ்சரைக்கே வந்துட்டேன். ரெண்டு காப்பி குடிச்சாச்சு. நீங்க எங்க, திருச்செந்தூருக்கா? அதுக்கு இன்னும் நேரங்கெடக்கே. உக்காருங்க... அட, உக்காருங்கங்கேன்.

எங்க வீட்டுக்காரி வாரா. அம்பத்திரெண்டு நாள் கழிச்சு வாரா. சே சே, கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கெல்லாம் போகல. அவ பொறந்த வீடு இந்தா இருக்க சீவலப்பேரி, டவுன் பஸ்ல ஏறுனா முக்கா மணி நேரம். இவ போனது நேபாளத்துக்கு.

கோயிலுக்கா...? பாத்தீயளா, நீங்களும் அதத்தான் கேக்கீய! எங்க தெருவுல ஒரு ஆச்சி, 'வரும்போது ஒரு செம்பு தீர்த்தம் கொண்டாரச் சொல்லுய்யா'ங்கா. இவ போனது சாமி கும்பிட இல்ல அண்ணாச்சி. பந்து ஒதைக்க.

ஆமா... ஃபுட்பாலு. எட்டு நாட்டுப் பொம்பள டீமுங்க மோதுத கோப்ப. நம்ம இந்தியா டீமுல அஞ்சாம் நம்பர் சட்ட, அன்னத்தாய். அது அவங்க அப்பாவைப் பெத்த பாட்டி பேரு. அந்த இங்கிலீசு வர்ணனைக்காரன் இருக்கானே, அவன் வாயில அது நொழையல. 'ஆனா தாய், ஆனா தாய்'ங்கான். போன்ல கேக்கும்போது எனக்கு, 'எல்லாஞ் சரி, ஆனா... தாய்!'ன்னு என்னமோ குத்தஞ் சொல்லுத மாதிரியே இருக்கும்.

அவ ஸ்டாப்பரு. ஸ்டாப்பருன்னா பின்னால நடுவுல நிக்கவ. எதிராளி எவ வந்தாலும் குறுக்க பாஞ்சு பந்தப் புடுங்கணும். வீட்லயும் அந்த வேலதான். எனக்கு சுகரு. சாயங்காலம் ஒரு மைசூர்பாக்குப் பொட்டலத்த சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு பூன மாதிரி பைய உள்ள நொழைவேன். வாசப்படி தாண்ட விடமாட்டா அண்ணாச்சி! எப்படித்தான் தெரியுமோ... நான் எடது பக்கம் போனா அவ எடது பக்கம். வலது பக்கம் போனா வலது பக்கம். பொட்டலம் அவ கையில.

இவள இந்த ஆட்டத்துக்கு இழுத்துவிட்டது யாருன்னு கேளுங்க. பாளையங்கோட்டையில அம்மையப்பன் சாருன்னு ஒரு கோச்சு இருக்காரு. நல்ல மனுசன். ஆனா அவரு விசில அவரே முழுங்கிருந்தாருன்னா எங் குடும்பம் நிம்மதியா இருந்திருக்கும். 'அன்னம், உனக்கு இன்னும் காலு இருக்கு'ன்னாரு பாருங்க அந்த மனுசன்! காலு யாருக்குத்தான் இல்ல? எனக்குங்கூட ரெண்டு இருக்கு.

இல்ல... அவரு மேல பழி போடக்கூடாது. உள்ளத சொன்னா, மொதப் புள்ளி வச்சது நாந்தான்.

நான் டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்குடுக்கேன் அண்ணாச்சி. பேரு மாரிராஜ். 'கிளட்ச்ச மிதி, கண்ணாடியப் பாரு, கெழவி வாரா, பிரேக்கு பிரேக்கு'ன்னு நாளெல்லாம் கத்துத பொழப்பு. அதான் வாயி ஓயமாட்டேங்கு. நாலு வருசத்துக்கு முன்ன ஒருநா காரத் தொடைக்கத் துணி தேடுதேன். பீரோவுக்கு அடியில மஞ்சளா ஒரு பழைய பனியன் கெடந்துச்சு. எடுத்து கண்ணாடியத் தொடச்சேன், டயரத் தொடச்சேன், அப்படியே எஞ்சின் மூடியவும் ஒரு தொட. சும்மா சொல்லக்கூடாது, நல்லாத் தண்ணி இழுத்துச்சு. அவ மச்சியில துணி காயப் போட்டுட்டு எறங்கி வந்தா. பாத்தா. எங் கையிலேருந்து வாங்கிட்டுப் போயி, சோப்புப் போட்டு மூணு தடவ அலசி, கொடியில விரிச்சுப் போட்டா. அப்பந்தான் முதுகுல எழுத்து தெரியுது... தமிழ்நாடுன்னு. கல்யாணத்துக்கு முன்ன அவ ஸ்டேட்டுக்கு ஆடுன சட்ட அண்ணாச்சி அது!

மறுநா விடியக்காலம்பற கதவு தொறக்க சத்தம். பாத்தா, கிரீஸ் கறையோட அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கா. 'எங்கட்டி போற?'ன்னேன். 'ஓடப் போறேன்'ன்னா. தூக்கக் கலக்கத்துல வாயி சும்மா இருந்துச்சா? 'யாரு கூட?'ன்னுட்டேன். அன்னைக்கு எனக்கு காப்பி கெடைக்கல.

அப்பம் ஓடுனவதான். பாப்பாவுக்கு அன்னைக்கு ரெண்டு வயசு, சுகிர்தான்னு பேரு. காலையில மைதானத்துல ஓடுவா. எட்டு மணிக்கு பள்ளிக்கூடத்துக்குப் போவா. அங்கன பி.டி. டீச்சர் வேல. சாயங்காலம் அம்மையப்பன் சாருகிட்ட ஆட்டம். மொதல்ல மாவட்டம், பொறவு ஸ்டேட்டு, பொறவு ஒரு கிளப்பு... இந்த வருசம் இந்தியா டீமுன்னு கடுதாசி வருது. டீமுல மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் இருவது, இருவத்திரெண்டு வயசு. இவளுக்கு இருவத்தொம்போது. அந்தப் பிள்ளைங்க பூரா இவள 'தீதி, தீதி'ன்னு சுத்துதாம், இந்தியில அக்கான்னு அர்த்தம்.

அவ கெளம்பிப் போனப்பொறவு எங் கதைய கேளுங்க. சமையலு கூட செஞ்சிரலாம் அண்ணாச்சி, ரெட்டச் சடை போடுதது இருக்கே... யப்பா! ஒண்ணு கெழக்கப் பாக்குது, ஒண்ணு மேக்கப் பாக்குது. மூணாம் நாளு கிளாஸ் டீச்சர் போன் போட்டு, 'சுகிர்தா அப்பா, பிள்ளைக்கு முடிய வெட்டிருங்களேன்'ங்கா. பொறவு சீவலப்பேரிலேருந்து எங்க அத்தய வரவழைச்சேன். அந்தா, அந்த முன்னத் தூணு பக்கத்துல பச்சச் சேல கட்டி நிக்காங்களே, அவங்கதான். கையப் புடிச்சுக்கிட்டு நிக்கது பாப்பா. ஒல்லியாயிட்டா. மொதல்ல இப்படி இல்ல, கன்னமெல்லாம் நல்லா இருக்கும்...

அதான் அண்ணாச்சி விசயமே.

அவ ஊருக்குப் போகையில இதே பிளாட்பாரத்துல வச்சு ஒண்ணே ஒண்ணு சொன்னா. 'பாப்பாவுக்கு ஒரு தும்மல் வந்தாலும் எங்கிட்ட சொல்லணும். மறைக்கக் கூடாது'ன்னா. 'ஏட்டி, நான் எதையாவது வாயில வச்சிருக்க முடியுத ஆளா?'ன்னேன். அவளே சிரிச்சுட்டா. நம்பித்தான போனா?

ஒரு மாசத்துக்கு மேல பயிற்சி முகாமு, அதுக்குப் பொறவுதான் கோப்ப. மொத மூணு ஆட்டமும் நல்லா ஆடுனாங்க. மூணாவது ஆட்டம் முடிஞ்ச மறுநா, செவ்வாக்கெழம, பிள்ளைக்கு மேலு கொதிக்கி. நெலவேம்புக் கசாயம் குடுத்தோம், கேக்கல. ரத்தம் பாத்தா டெங்குங்காங்க. பெட்ல போட்டு டிரிப்பு ஏத்தியாச்சு. பிளேட்லெட்டு ஒரு லெச்சத்துக்குக் கீழ போவுது. மறுநா எழுவதாயிரம். அதுக்கு மறுநா காலம்பற நாப்பத்தஞ்சு. அந்தச் சீட்டக் கையில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி நடையில நிக்கேன். வியாழக்கெழம அது. அன்னைக்கு சாயங்காலந்தான் அவளுக்கு செமிஃபைனலு.

போன எடுத்தேன். அவ நம்பர அழுத்துனேன். ஒரு ரிங்கு போச்சு... வச்சிட்டேன்.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? சொன்னா ஆட்டத்தப் போட்டுட்டு வந்துருவா. நாலு வருசமா விடியக்காலம் ஓடுன ஓட்டம் பூரா வீணு. வரமுடியலன்னா அதவிடக் கொடும... காலு அங்கன, மனசு இங்கன. அவ திரும்பக் கூப்பிட்டா. 'என்ன, ரிங்கு குடுத்து வச்சிட்டீய?' 'ஒண்ணுமில்லட்டி, கை பட்டிருச்சு.' 'பாப்பா எங்க?' 'அத்த கூட சீவலப்பேரிக்குப் போயிருக்கா, அங்கன டவரு கெடைக்காது'ன்னேன். சீவலப்பேரில டவரு இல்லையாம்! ஆத்துக்குள்ள முங்குனாலும் அங்க நாலு கட்ட காட்டும். ஆட்ட நெனப்புல அவ கவனிக்கல.

எல்லார் வாயவும் அடைச்சேன் அண்ணாச்சி. அத்தகிட்ட சத்தியம் வாங்குனேன். எங்க டிரைவிங் ஸ்கூல் மொதலாளி அலி அக்பரு பாயி கிட்ட கையடிச்சு வாங்குனேன். டிரிப்பு போடுத நர்ஸம்மாகிட்டக்கூட சொல்லி வச்சேன். அந்தம்மா, 'நேபாளத்துலேருந்து எங்கிட்ட யாரு கேக்கப் போறா?'ங்குது. 'இருந்தாலும் சொல்லாதீங்க'ன்னேன்.

அன்னைக்கு ஆட்டத்த ஆஸ்பத்திரிலயே பாத்தோம். போன தலகாணியில சாத்தி வச்சுக்கிட்டு பாப்பா படுத்திருக்கா. கையில ஊசி. எதிர்ல பங்களாதேசு. ஒண்ணுக்கு சைபர்னு நம்ம முன்னால. கடைசி நிமிசம்... அவங்க பிள்ள ஒருத்தி அடிச்ச பந்து நம்ம கோல்கீப்பரத் தாண்டிருச்சு. போச்சுன்னு நான் கண்ண மூடிட்டேன். 'அம்மா!'ன்னு பாப்பா கத்துதா. முழிச்சுப் பாத்தா, இவ கோட்டு மேல விழுந்து கெடக்கா, பந்து வெளியில போவுது. எங்கேருந்து வந்தா, எப்படி வந்தா... அந்தாளு வேற 'ஆனா தாய், ஆனா தாய்'ன்னு தொண்ட கிழியக் கத்துதான். பாப்பா ஊசி போட்ட கையோட கையத் தட்டிட்டா. நர்ஸம்மா வந்து எனக்குத்தான் ஏச்சு. அந்தம்மாவும் ஏசிட்டு அங்கனயே நின்னு மறுபடி அந்தப் பந்தப் போட்டுக் காட்டுததப் பாத்துட்டுத்தான் போச்சு.

இதோட நின்னுருந்தா நான் தப்பிச்சிருப்பேன். ஒரு நிருபர் தம்பி வந்து கெடுத்தான் அண்ணாச்சி!

பேப்பர்காரன். ஆட்டம் முடிஞ்சு அர மணி நேரத்துல போன் அடிக்கான். 'சார், உங்க மனைவியப் பத்தி ரெண்டு வார்த்த'ங்கான். ரெண்டே வார்த்ததான் கேட்டான். என்ன இருந்தாலும் ஒரு பேப்பர்காரன் அப்படியா ஒருத்தன் வாயக் கிண்டுவான்? மறுநா காலம்பற பாக்கேன், பேப்பர்ல கொட்ட எழுத்துல, 'மருத்துவமனையில் மகள், மைதானத்தில் தாய்'னு போட்டுட்டான். யாருகிட்ட கேட்டு போட்டான்? சொல்லுங்க!

...

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கீய?

சரி... நாந்தான் சொன்னேன். அவன் கேட்டது ரெண்டு வார்த்த. நான் பேசுனது நாப்பது நிமிசம். அவன் மூணு தடவ 'சரி சார், வச்சிருதேன்'ங்கான், நான் விடல. செயிச்ச சந்தோசம்... மூணு நாளா அடக்கி வச்ச பயம்... யாருகிட்டயும் சொல்லாம சொல்லாம நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு. 'தம்பி, எம் பிள்ள இங்கன டிரிப்போட கெடக்கா, அது தெரியாம அங்கன அவ ஆடுதா தம்பி'ன்னு அழுதுட்டேன். சரி, அழுதது அழுதாச்சு. ஸ்டீரிங்கு புடிச்ச மாதிரி நான் நிக்க போட்டோவ அவனுக்கு அனுப்புனது யாரு? நாந்தான். மறுநா பத்து பேப்பர் வாங்கி தெருவுல குடுத்தது யாரு? நாந்தான். எல்லாரு வாயவும் பூட்டிட்டு எம் வாய மட்டும் தொறந்து போட்டுட்டேன்.

எவனோ அத போட்டோ புடிச்சு அனுப்ப, பத்து மணிக்கெல்லாம் அது நேபாளம் போய்ச் சேந்துருச்சு. மணியாச்சில நிக்காமப் போயிருச்சு அண்ணாச்சி அது!

போன் வந்துச்சு. ஏசுவான்னு நெனச்சேன். ஏசல. 'பாப்பாவுக்கு எத்தன நாளா?'ன்னா. 'ரெண்டு...'ன்னு இழுத்தேன். 'உள்ளதச் சொல்லுங்க.' 'நாலு நாளு.' வச்சிட்டா.

அப்பொறம் அத்த போன்ல கூப்பிட்டு அவங்ககிட்ட பேசுனா. டாக்டர்கிட்ட அவளே நேரடியா போன்ல பேசுனா. அன்னைக்கு காலம்பற பிளேட்லெட்டு அம்பத்தெட்டுன்னு ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. பாப்பாகிட்ட பேசுனா. 'நான் வரட்டா?'ன்னு கேட்டிருக்கா. அது, 'நாளைக்கு ஆட்டம் இருக்குல்லா? ஆடிட்டு வா'ன்னிருக்கு. அங்கன டிக்கெட்டுக்குச் சொல்லி வச்சிருந்தவ, வேண்டாம்னு நிறுத்துனது அதுக்குப் பொறவுதான். என்கிட்ட மட்டும் ஒரு பேச்சும் இல்ல.

சனிக்கெழம ஃபைனலு. நேபாளத்து ஊரு, நேபாளத்து கூட்டம், நேபாளத்து டீமு. ரெண்டு மணி நேரம் ஆடியும் கோலு விழல. பெனால்டின்னுட்டாங்க. நம்ம பக்கம் மூணாவதா இவ வாரா. பந்த வைக்கா. நிமிந்து கேமராவ ஒரு பார்வ பாத்தா... கேமராவ இல்ல அண்ணாச்சி, என்னிய. போன்ல பாத்துக்கிட்டு இருந்தவன் தலய ஒதுக்கிட்டேன். ஒரு ஒத! அது பந்தே இல்ல, எம் மூஞ்சி. வலை கிழிஞ்சிருக்கும்.

ஆனா தோத்துட்டோம். அஞ்சாவதா அடிச்சது ஒரு சின்னப் பிள்ள, மணிப்பூரு. பந்து கோலோட மேல் கம்பில பட்டு வெளிய போயிருச்சு. அந்தப் பிள்ள அப்படியே மொட்டுன்னு குப்புற விழுந்து அழுவுது. அவங்க கூட்டம் ஆடுது, பாடுது. நம்ம பிள்ளைங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மூலையில நிக்குவ. இவதான் ஓடுனா மொதல்ல. அவளத் தூக்கி உக்கார வச்சா. தலைய மடியில வச்சுக்கிட்டு முடிய கோதி விடுதா, எங்க பாப்பாவுக்குச் செய்யுத மாதிரியே. அந்தக் கேமராக்காரன் கோப்பையக் காட்டாம இதயே காட்டிக்கிட்டு இருந்தான். நான் என்ன செய்ய, ஆஸ்பத்திரி கட்டில்ல உக்காந்து அழுதேன். பாப்பாதான் எனக்கு மூக்கத் தொடச்சுவிட்டா.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. அது ஒண்ணுதான் வந்துச்சு. இருங்க, வாசிக்கேன்... 'நான் வரணுமா, இருக்கணுமான்னு நான் யோசிச்சிருக்கணும். எனக்காக நீங்க யோசிச்சிட்டீங்க.'

அவ்வளவுதான். எட்டு நாளாச்சு. டெல்லியில பாராட்டு விழான்னாங்க, அங்கேருந்தும் பேச்சில்ல. மெட்ராஸ் வந்துட்டா, பேச்சில்ல. இந்த வண்டியில வாரான்னே பாப்பா சொல்லித்தான் தெரியும். 'அப்பா ஸ்டேசனுக்கு வரட்டுமான்னு கேட்டேன், அது அவரு இஷ்டம்னு அம்மா சொல்லிட்டா'ங்குது. இதுக்கு என்ன அர்த்தம் அண்ணாச்சி? வாங்கன்னா, வராதீங்கன்னா?

அந்த மெசேஜுக்குப் பதிலா, நான் செஞ்சது அவளுக்காகத்தான்னு சொல்லலாம்னு பாத்தேன். அப்பொறம் யோசிச்சேன். அவளுக்கு விசயம் தெரிஞ்சப்பம் அவ என்ன செஞ்சா? பதறல. டாக்டர்கிட்ட கேட்டா, பிள்ளகிட்ட கேட்டா, நின்னு ஆடுனா. அவளுக்குத் தாங்காதுன்னு நெனச்சேன் பாருங்க, அது அவளுக்கு இல்ல அண்ணாச்சி... எனக்குத்தான் தாங்கல.

மொதல்ல மன்னிப்பு கேக்கவா, இல்ல பெட்டிய வாங்கிட்டுப் பொறவு கேக்கவா? என்ன? கம்முன்னு இருக்கணுமா? அது ஒண்ணத் தவிர வேற ஏதாவது சொல்லுங்களேன்.

இன்னொரு சங்கடமும் இருக்கு. வெளிய ஏழு காரு நிக்கி. எல்லாம் எல் போர்டு. எங்க ஸ்கூல்ல படிக்கவங்க. அலி அக்பரு பாயி மால வாங்கிட்டு வந்திருக்காரு. அவளுக்கு இந்தக் கூட்டம், கொட்டு எதுவும் புடிக்காது. நான் யாருகிட்டயுமே சொல்லல அண்ணாச்சி. ரெண்டே ரெண்டு பேருகிட்டத்தான் சொன்னேன்...

ஏ, புள்ளி நகந்துட்டு! எப்பம் நகந்துச்சு? அறிவிப்பு சொல்லுதான் பாருங்க, ஒண்ணாம் பிளாட்பாரம்... வந்துட்டு, வண்டி வந்துட்டு. சட்டக் காலரு சரியா இருக்கா? இருங்க, போயிராதீய. நீங்க கூட இருந்தா எனக்கு ஒரு தெம்பு.

அந்தா! எறங்குதா பாருங்க... பாப்பா ஓடுதா. ஏட்டி, பைய ஓடு, விழுந்துராத! ... தூக்கிட்டா. அழுவுதா... அவ அழுது நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி. கைய, கால, கன்னத்த எல்லாம் தடவித் தடவிப் பாக்கா... பாப்பா என்னையக் கையக் காட்டுதா. எதுக்குக் காட்டுதா? இந்தா வாரா. நேரா வாரா. எந்திரிக்கவா, உக்காந்தே இருக்கவா...

வா... வா அன்னம்.

...

கேட்டீயளா? கேட்டீயளா அண்ணாச்சி? 'இங்கன உக்காந்து யாருகிட்ட நம்ம வீட்டுக் கதைய அளந்துக்கிட்டு இருக்கீய?'ங்கா! ஏசிட்டா! எட்டு நாள் கழிச்சு ஏசிட்டா அண்ணாச்சி, அதுவும் ஒரு முழு வரி! இல்லட்டி, யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல, இந்த அண்ணாச்சிகிட்ட சும்மா வண்டி லேட்டுன்னு... அண்ணாச்சி? அண்ணாச்சி...! எங்க போனாரு மனுசன்? இப்பம் வரைக்கும் இங்கனதானட்டி இருந்தாரு...

சத்தியமாட்டி. இருந்தாரு. நீ பெட்டியக் குடு.

குடேன்ட்டி... நான் ஒண்ணும் பேசல. தப்பு எம்மேலதான். இனிமே தும்மலுன்னா தும்மலுன்னு மொத ஆளா உனக்குத்தான் சொல்லுவேன். மொதல்ல பெட்டியக் குடு... ஆங், அப்படி. நட. ஆனா ஒண்ணு... வெளிய போனதும் கோவப்படக்கூடாது, என்ன?